இந்த வருடம் எனக்கு அழைப்பு வரவில்லை

செப்டம்பர் 24

இன்றும் ஒரு கண்ணாடியை உடைத்தேன். பீரோவில் பதிக்க வேண்டிய ஆளுயரக் கண்ணாடி. கட்டரை இழுக்கும்போது கை நடுங்கிவிட்டது. கீறல் கொஞ்சம் கோணினாலும் கண்ணாடி அதன் இஷ்டத்துக்குத்தான் உடையும். கடை முதலாளி யைமா அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, துடைப்பத்தை மட்டும் என் பக்கம் தள்ளினார். முதலாளி திட்டாமல் இருப்பது திட்டுவதை விட மோசம்.

கை ஏன் நடுங்குகிறது என்று எனக்குத் தெரியும். மெம்சாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். நேற்று அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து நடந்து வரும்போது, பாதி வழியில் சொன்னாள். மாப்பிள்ளை மின்சார அலுவலகத்தில் இருக்கிறானாம். அவள் அண்ணன் கோபினின் சிநேகிதனாம்.

"நீ என்ன சொன்ன?"

"தலைவலின்னு படுத்துட்டேன். எத்தனை நாளைக்குத் தலை வலிக்கும், மலெம்?"

பேச என்ன இருக்கிறது? சொந்த ஊரான நம்போலில், என் அப்பாவின் ரேஷன் கார்டில் நான் இரண்டாவது மகள். இங்கே இம்பாலில், கண்ணாடிக் கடையில், நான் மலெம் என்கிற பையன். மெம்சாவுக்கு இரண்டும் தெரியும். கோபினுக்கு என் பெயர்கூடத் தெரியாது, இதுவரை.

செப்டம்பர் 27

அவள்தான் கேட்டாள். "கூட்டிட்டுப் போறியா, இல்ல நானே பையைத் தூக்கிட்டு வந்துடட்டுமா?"

எங்கள் பக்கத்தில் ஓடிப்போவது பெரிய குற்றமில்லை. பாதி ஊருக்கு அப்படித்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது, என் அப்பா அம்மாவுக்கும் அப்படித்தான். ஆனால் அதற்கும் ஒரு முறை உண்டு. மறுநாள் விடிந்ததும் பையன் வீட்டுப் பெரியவர் ஒருவர் பெண் வீட்டுக்குப் போய், "உங்க பொண்ணு எங்க வீட்டுல பத்திரமா இருக்கா" என்று சொல்ல வேண்டும். அவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், பிறகு நாள் குறிப்பார்கள். அந்த வார்த்தை போய்ச் சேராவிட்டால் அது கல்யாணக் கணக்கில் வராது. கடத்தல் கேஸ்தான்.

எனக்காக யார் போவார்கள்? அப்பாவா?

போன சாக்கௌபாத் திருநாளிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. சாக்கௌபா அன்று எல்லாப் பெண்களும் பிறந்த வீட்டுக்கு விருந்துக்குப் போவார்கள். அதற்கு முன்பே வீட்டு ஆம்பளை ஒருவர் வெற்றிலை பாக்கோடு வந்து அழைத்துவிட்டுப் போவார். அம்மா செத்த பிறகும் அப்பா அதை விடவில்லை. காக்சிங்கில் வாழ்க்கைப்பட்ட பிமோலா அக்காவை அழைப்பார், பிறகு என்னை அழைப்பார். நானும் வருடா வருடம் பெண்கள் கட்டும் பனேக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, மீனைத் தின்றுவிட்டு வருவேன். போன வருடம் என்னால் முடியவில்லை. பேண்ட்டோடு போனேன். அத்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்பா எப்போதும் போலப் பரிசாக ஒரு புதுப் பனேக்கை என் முன்னால் வைத்தார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த மனிதரிடம் போய், எனக்குப் பெண் கேளுங்கள் என்று எப்படிச் சொல்வது?

அக்டோபர் 2

வந்துவிட்டாள். என் பெயர், ஊர், கடை எல்லாம் சேர்த்துத் தன் அம்மாவுக்கு நாலு வரி எழுதி வைத்துவிட்டு, வேலைக்குப் போவது போலக் கிளம்பி வந்துவிட்டாள்.

என் கதவருகே அவளுடைய செருப்பு கிடக்கிறது. அதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். உட்கார்ந்தேன். மறுபடியும் போய்ப் பார்த்தேன். "அது ஓடிப் போயிடாது, வா" என்றாள்.

அக்டோபர் 3

யைமா அண்ணனிடம் கேட்டேன். எனக்காக ஒரு வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர முடியுமா என்று.

டீயைக் கீழே வைத்தார். "அது சொந்தக்காரன் போக வேண்டிய இடம். நான் போனா, ஏன், பையன் அநாதையான்னு கேப்பாங்க. அப்புறம் பையன் யாருன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது, சொல்லு."

நான் மேஜையிலிருந்த கண்ணாடித் தூளைத் துடைத்தேன்.

"உன் வேலைக்கு ஒண்ணும் வராது. அதுக்குப் பயப்படாதே" என்றார்.

பயப்பட வேறு எவ்வளவோ இருக்கிறது, அண்ணே.

அக்டோபர் 4

அக்காவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் அவள் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அப்பாகிட்ட நீயே சொல்லு" என்றாள். "நான் சொன்னா எனக்கும் சேர்த்து விழும்."

"அவர் என் போனை எடுக்கறதில்லைக்கா."

"காலு இருக்கில்ல? நேர்ல போ."

வேன் நிற்குமிடம் வரை போனேன். நம்போல் வேன் ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அடுத்ததும் வந்தது, போனது. "ஏறுறியா இல்லியா?" என்று டிரைவர் கத்தினான். வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். அப்பா அடிப்பார் என்றா பயம்? அவர் யாரையும் அடித்ததில்லை. என்னைப் பார்த்துவிட்டு, யாரோ வழிகேட்டு வந்தவர் என்பது போல வீட்டு மீன்குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டால்? அதுதான்.

மெம்சாவிடம் அப்பா ஊரில் இல்லை என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை.

அக்டோபர் 7

கோபின் கடைக்கே வந்துவிட்டான்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வாடிக்கையாளன் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து, சட்டம் போடாத கண்ணாடி ஒன்றில் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான்.

"உன் வீட்டிலேருந்து யாராவது வருவாங்கன்னு எங்கம்மா தினம் வாசலைப் பெருக்கி வெக்கறாங்க. யாரையும் காணோம். சரி, நாமளே விசாரிப்போம்னு நம்போல் போனேன். அந்த மீன்குளத்துக்காரருக்கு ரெண்டும் பொண்ணாச்சேன்னாங்க."

கையில் பிடித்திருந்த கண்ணாடியை என்னால் கீழே வைக்கவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை.

"சாக்கௌபாவுக்கு உன்னையும் கூப்பிடுவாங்கல்ல? பொம்பளைங்க வரிசையில உக்கார வெச்சு, மீன் போட்டு, துணி குடுத்து? அப்ப என் தங்கச்சி யார் வீட்டுக்குப் போயிருக்கா? நீயே சொல்லு."

எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டான்.

"சாக்கௌபா அன்னிக்குக் காலையில வருவேன். அண்ணன் கூப்பிட்டா அவ வந்துதான் ஆகணும். வந்தவளைத் திருப்பி அனுப்ப மாட்டேன். குறுக்க நின்னு பாரு, ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

அவன் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. அப்பாவின் அழைப்பு வந்தால் கோபின் சொல்வது சரியாகிவிடும், நான் அந்த வீட்டுப் பெண். வராவிட்டால் எனக்கு வீடே இல்லை. எது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது?

அக்டோபர் 8

மெம்சா சாக்கௌபாவுக்குப் போகத்தான் போகிறேன் என்கிறாள்.

அக்டோபர் 9

சண்டை. முதல் சண்டை.

"அது எங்கம்மா பரிமாறற சோறு. ஒரு வருஷம்கூட நான் விட்டதில்ல. போவேன், சாப்பிடுவேன், திரும்பி வருவேன்."

"விட மாட்டான்."

"என்னைக் கட்டிப் போடுவானா?"

"போடுவான். போனைப் பிடுங்குவான், ரூமைப் பூட்டுவான், அந்த மின்சாரக்காரனைக் கூப்பிட்டுட்டு வருவான். உனக்குத் தெரியாதா?"

"சரி, இப்ப நீ என்னைப் போகவிடாம வெச்சுக்கிட்டா? அவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் சொல்வது நியாயம். நியாயமாக இருந்து என்ன? எனக்குப் பயமா இருக்கே. போகாதடி போகாதடின்னு காலைப் பிடிச்சுக்கணும் போல இருக்கே. ஆம்பளைன்னு சொல்லிக்கிட்டு இப்படியா அழறது? ஏன், ஆம்பளைங்க அழ மாட்டாங்களா? எவன் பார்த்தான்.

அக்டோபர் 13

தெருப் பெண்கள் வந்தார்கள். சாயங்காலம் தெருமுனையில் உட்கார்ந்து காவல் காக்கிறவர்கள், பாதிப் பேர் கையில் டார்ச். முன்னால் எங்கள் வீட்டுக்காரம்மா. யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று தெரியாதா என்ன.

முடிந்தது என்று நினைத்தேன். மெம்சா என் முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"ஏ புள்ள, நீ உன் விருப்பத்துலதான் வந்தியா?" என்று அவளைக் கேட்டார் வீட்டுக்காரம்மா.

"ஆமா."

"குடிக்கிறானா? அடிக்கிறானா?"

"கண்ணாடி உடைக்கிறான். வேற ஒண்ணும் இல்ல."

பின்னால் ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "இதுல யாரு மாப்பிள்ளை?" என்றாள். வீட்டுக்காரம்மா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் அடங்கிவிட்டாள். எனக்குத் தெரியாமல் எத்தனை நாளாக இந்த அம்மாளுக்குத் தெரியும்?

பிறகு அவர் என்னிடம் வந்தார். "அதெல்லாம் எனக்கு வேண்டாம். அவ வீட்டுக்குச் சொல்லி அனுப்பினியா இல்லியா? பெத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாம வெச்சுக்கறது என்ன முறை? சாக்கௌபாவுக்குள்ள யாரையாவது அனுப்பு. இல்லேன்னா நானே அவளைக் கொண்டுபோய் விட்டுடுவேன், ஆமா."

கோபின் மாதிரி இவர்களும் கேட்பது அதே ஒன்றைத்தான், என் வீட்டிலிருந்து யார் போவார்கள்?

அக்டோபர் 17

பயத்தையே எழுதுகிறேன் என்று மெம்சா கேலி செய்கிறாள். சரி, இன்று வேறு எழுதுகிறேன்.

மருந்துக்கடை அலமாரிக்குக் கண்ணாடி போடப் போனபோதுதான் அவளை முதலில் பார்த்தேன். விரலை வெட்டிக்கொண்டேன். அவள் பிளாஸ்டர் ஒட்டிவிட்டாள், ஒட்டிவிட்டு அதற்கு பில்லும் போட்டாள். அதன் பிறகு எனக்கு அடிக்கடி பிளாஸ்டர் தேவைப்பட்டது. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்றேன். "தெரியும்" என்றாள். "காயமே இல்லாத விரலுக்கு எவன் பிளாஸ்டர் வாங்குவான்?" அது இல்லை, வேறு என்றேன். "அதுவும் தெரியும்" என்றாள். "நான் மருந்துக்கடையில இருக்கேன், மலெம். எனக்குக் கண்ணு இருக்கு." பிறகு டீ வாங்கிக்கொடுக்கச் சொன்னாள்.

இன்று எனக்கு முடி வெட்டிவிட்டாள். காதோரம் கத்திரி வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். இவளை யார் கொண்டுபோனாலும் நான் செத்துவிடுவேன்.

பார், மறுபடியும் பயத்துக்கே வந்துவிட்டேன்.

அக்டோபர் 20

தெரு முழுக்க அழைப்பு. கீழ்வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரம்மாவின் தம்பி, தலை நரைத்தவர், வெற்றிலை பாக்கோடு வந்து அக்காவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த அம்மாள் இன்று முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே துணி துவைத்தார்.

அப்பா வழக்கமாக இதற்குள் வந்துவிடுவார்.

அக்டோபர் 22

வரவில்லை.

அக்டோபர் 23

வரவில்லை. இது வேண்டாம் என்றுதானே போன வருடம் எழுந்து வந்தேன்? இப்போது வரவில்லை என்றால் ஏன் வாசலையே பார்க்கிறேன்? கேட் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறேன். பால்காரன். பக்கத்து வீட்டுக்காரன். காற்று.

பனேக் கட்டிக்கிட்டாவது போயிருக்கலாமோ. தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒரு வேளை சோறு. அதைச் செஞ்சிருந்தா அப்பாவாவது இருந்திருப்பார். இல்ல. இல்ல, அப்படி இனி உட்கார முடியாது. அப்ப இதுதான் விலைன்னு ஒத்துக்கோ. ஒத்துக்க முடியலையே.

மெம்சா என் தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்தாள். சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 24

காலையில் அக்காவின் போன். எடுத்ததும் சண்டை.

"என்ன நினைச்சுட்டிருக்க நீ? என் மாமியார் நேத்து கேக்கறாங்க, என்னம்மா உன் வீட்டிலேருந்து இன்னும் யாரும் வரலை, மறந்துட்டாங்களான்னு. மானம் போகுது எனக்கு. எப்ப வர்றதா உத்தேசம்?"

"யாரு வர்றது?"

"நீதான். வேற யாரு? அப்பா அன்னிக்கே சொல்லிட்டாரே, இந்த வருஷம் மலெம் வந்து கூப்பிடுவான்னு."

என்னிடம் யாரும் சொல்லவில்லையே என்றேன்.

"இதை வேற சொல்லணுமா? நீ போன் பண்ண அன்னிக்கே நான் எல்லாத்தையும் அவர்கிட்ட கொட்டிட்டேன். மனசு கேக்கலை. முழுசாக் கேட்டுக்கிட்டார். அப்புறம் இதைத்தான் சொன்னார். நான் உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

கடைக்கு லீவு சொல்லவில்லை. முதலில் வந்த வேனில் ஏறிவிட்டேன்.

அப்பா குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். திரும்பிக்கொள்ளவில்லை.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா? காக்சிங்குக்கு எப்பப் போகப் போற?"

"எனக்கு அழைப்பு வரலையேன்னு..." என்று ஏதோ உளறினேன்.

அவர் முகத்தில் நிஜமாகவே ஒன்றும் புரியாத குழப்பம். "வீட்டு ஆம்பளைக்கு யாராவது அழைப்பு வெப்பாங்களா?" என்றார்.

கரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வலையைப் பார்த்தபடியே பேசினார். "போன வருஷம் நீ எழுந்து போனதும் அந்தத் துணியை மடிச்சு வெச்சேன். எனக்கு ஒண்ணும் புரியலை. இப்பவும் பாதி புரியலை. பிமோலா சொன்னதுக்கப்புறம், நீயே வந்து சொல்லுவேன்னு பார்த்துட்டே இருந்தேன். நீ வந்து கேக்காம நான் எப்படி அந்தப் பொண்ணு வீட்டுல போய் நிக்கறது? முறைன்னு ஒண்ணு இல்லையா?"

நான் அழைப்புக்காகக் காத்திருந்தேன், அவர் நான் கேட்பதற்காகக் காத்திருந்தார். இவ்வளவு நாள். எங்கள் வீட்டு முட்டாள்தனம் இது, வேறு எந்த வீட்டிலும் இருக்காது.

"அழுதது போதும். இந்த முனையைப் பிடி" என்றார்.

அக்டோபர் 25

காலையில் காக்சிங். வெற்றிலை பாக்கை நீட்டி, சாக்கௌபாவுக்கு வீட்டுக்கு வாக்கா என்றேன். அக்கா வாங்கிக்கொண்டாள். மாமியார் எதிரில் ஒன்றும் பேசவில்லை, வாசல் வரை வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது.

மத்தியானம் அப்பா வெள்ளை வேட்டியும் சால்வையுமாக இம்பாலுக்கு வந்து சேர்ந்தார். மெம்சா வீட்டுக்கு அவர் போனார், நான் பின்னால் போனேன். கோபின் உட்காரச் சொல்லவில்லை. அவன் அம்மா கதவோரம் நின்றார்கள்.

"உங்க பொண்ணு எங்க வீட்டுல பத்திரமா இருக்கா" என்றார் அப்பா. "சொல்ல நேரமாயிடுச்சு. தப்பு எங்களுது."

"உங்களுக்குத்தான் பையனே கிடையாதே" என்றான் கோபின்.

"இதோ நிக்கிறானே."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. கோபின் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, நிமிர்ந்து நின்றிருக்க வேண்டும். மெம்சாவின் அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுத்தார்கள்.

"சாக்கௌபாவுக்கு வந்து கூட்டிட்டுப் போவேன். அன்னிக்குச் சொன்னதுதான் இன்னிக்கும்" என்றான் கோபின்.

அக்டோபர் 29

கோபின் வந்தான். கூட்டிக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் நேரே நம்போலுக்கு வந்துவிடுகிறேன் என்று அவள் என் காதில் சொன்னாள்.

நான் போய் மீன் கழுவ வேண்டும்.

அக்டோபர் 30

நேற்றைய நாளை இப்போதுதான் எழுத முடிகிறது.

மீன் செதில் எடுத்தேன், விறகு வெட்டினேன், அப்பா வதக்க நான் கிளறினேன். பெண்கள் வரிசையாக உட்கார, சோற்றுக்கூடையைத் தூக்கிக்கொண்டு நான் பரிமாறினேன். அதே அத்தைகள். ஒருத்தி ஆரம்பித்தாள், "என்னடி இது, நீ உக்காரலையா?" அப்பா குழம்புச் சட்டியோடு அவள் முன்னால் வந்து நின்று, "அவன் பரிமாறறான். உனக்கு மீன் வேணுமா வேண்டாமா?" என்றார். அத்தை தட்டை நகர்த்தினாள். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

எனக்குச் சந்தோஷப்படக்கூட நேரமில்லை. மனசு முழுக்க அங்கேதான். மத்தியானத்துக்குப் பிறகு மெம்சாவின் போன் அணைந்துவிட்டது.

விருந்து முடிந்தது. அக்கா கிளம்பினாள், அத்தைகள் கிளம்பினார்கள். நான் வாசலுக்குப் போனேன். வேன் வரும், பரிசுப் பைகளோடு பெண்கள் இறங்குவார்கள், அவள் இருக்க மாட்டாள். இருட்ட ஆரம்பித்தது. பூட்டிவிட்டான். நான் சொன்னேனே. சொன்னேனே அவகிட்ட.

அப்பா வந்து பக்கத்தில் நின்றார். கையில் மீன் வாசம்.

"உங்கம்மா அவ வீட்டுக்குப் போற சாக்கௌபாவுக்கு நான் இங்கதான் நிப்பேன்" என்றார். "அவ அண்ணனுங்களுக்கு என்னைக் கண்டா ஆகாது. இந்தத் தடவை அனுப்ப மாட்டாங்கன்னு வருஷா வருஷம் தோணும். கல்யாணமாகி நீங்க ரெண்டு பேரும் பொறந்த பிறகும் தோணும். வர்ற வண்டியெல்லாம் பார்த்துக்கிட்டே நிப்பேன்."

அப்பாவுக்கா? நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னிக்கு ஊர்ல எல்லாப் புருஷனும் இப்படித்தான் நிக்கிறான். வெளிய சொல்ல மாட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வருவா. ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டா, வந்ததும் வராததுமா சண்டைக்கு நிப்பா. நீ கேட்டுடாதே."

இரண்டு பேரும் நின்றோம். கடைசி வேன் என்று அவர் சொன்ன வேனுக்கும் பிறகு ஒரு ஆட்டோ வந்தது. மெம்சா இறங்கினாள். கண் வீங்கியிருந்தது, முடி கலைந்திருந்தது, புது உடுப்பில் சேறு. மார்போடு ஒரு தூக்குச்சட்டியை அணைத்துக்கொண்டிருந்தாள். என்னைத் தாண்டி நேரே அப்பாவிடம் போய், அதை அவர் கையில் கொடுத்தாள்.

"அண்ணன் போனைப் பிடுங்கிட்டு முன்கதவைப் பூட்டிட்டான். அம்மாதான் பின்பக்கமா அனுப்பினாங்க" என்றாள். "மாமனார் வீட்டுக்கு வெறுங்கையோட போகாதேன்னு இதைக் குடுத்தாங்க."

அப்பா தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

நான் அவள் செருப்பை வாங்கிச் சேற்றைத் தட்டினேன். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை.